அகராதியில் அகப்படாத ஓசை



திருகோணமலையிலே காற்றைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்து, அந்தப் பெயர்களைக் கொண்டே வலை போடுவதையும் விடுவதையும் தீர்மானிப்பவர்கள் எங்கள் கரையோரத்து மக்கள். ஆகவே இவ்வாரத்து உரையைக் காற்று என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் படித்த மாணாக்கர் ஒருவருக்குக் கண்பார்வை இல்லை. இப்பொழுது அவர் கைத்தொலைபேசியில் வரும் செய்திகளையும் கதைகளையும் அந்தக் கருவியே வாசித்துக் காட்டக் கேட்கிறார். ஒருநாள் அவர் என்னைத் தேடி வந்து, "சேர், இதைக் கொஞ்சம் கேளுங்கோ" என்று கருவியை நீட்டினார். அது "காற்று" என்ற சொல்லை, றகரத்தின் பின்னே ஒரு ரகரத்தை உருட்டிவிட்டதுபோல, "காட்ரு" என்பதற்கு அண்மையான ஓசையில் வாசித்தது. "இது எந்த ஊர்க் காற்று, சேர்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு உடனே சிரிக்க முடியவில்லை. நாள் முழுவதும் அந்தக் குரலோடு வாழ்கின்ற ஒருவருக்கு அது விளையாட்டான விடயம் அல்லவே.

ஒரு சொல் எப்படி ஒலிக்கும் என்பதை எழுதி வைப்பது எப்படி? எங்கே எழுதி வைப்பது? யாருடைய ஒலியை எழுதி வைப்பது? இந்தக் கேள்விகள் கணினியோடு பிறந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இவை மிகப் பழையவை. எங்கள் துறைமுகத்தோடும் தொடர்புடையவை.

1659ஆம் ஆண்டின் இறுதியிலே வங்கக் கடற்புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டி அரசனின் ஆட்கள் கப்பற் தலைவரையும், அவருடைய மகன் றொபேட் நொக்ஸையும், வேறு சிலரையும் மூதூர்ப் பக்கத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். மகன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே சிறையிருந்து, 1679இல் தப்பி அரிப்புக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1681இல் இலண்டனில் அவருடைய நூல் அச்சாயிற்று. அந்நூலை வரலாற்று மாணவர்கள் அரசியலுக்காக வாசிப்பார்கள். நான் அதிலுள்ள ஊர்ப் பெயர்களுக்காகவும் மரப் பெயர்களுக்காகவும் வாசித்தேன். உள்நாட்டுச் சொற்களைக் காதாலே கேட்டு, தமக்குத் தெரிந்த ஆங்கில எழுத்திலே இறக்கி வைத்திருக்கிறார். கொட்டியாரம் அவருடைய நூலிலே 'கொட்டியார்' ஆகிவிட்டது. எழுதப்பட்ட வடிவத்தின் சுமை இல்லாத காது அது. சில இடங்களில் தவறிக் கேட்டது. சில இடங்களில் படித்தவர்கள் மறைத்துவிடும் பேச்சோசையை அப்படியே பிடித்துக்கொண்டது.

நொக்ஸ் தப்பிப் போன அதே 1679ஆம் ஆண்டிலே, கேரளத்து அம்பலக்காட்டில், அந்தாம் டி புறோவென்சா என்ற இயேசு சபைப் பாதிரியார் தொகுத்த தமிழ் - போர்த்துக்கேய அகராதி அச்சேறியது. தொகுத்தவர் 1666இலேயே இறந்துவிட்டார். இந்த நூலின் பிரதி ஒன்று உரோமாபுரியின் வத்திக்கான் நூலகத்தில் இருந்ததை உலகறியச் செய்து, 1966இல் கோலாலம்பூரில் அதன் நிழற்படப் பதிப்பை வெளியிட்டவர் எங்கள் ஈழத்துத் தனிநாயகம் அடிகளார். அந்தப் பக்கங்களைப் பார்ப்பவருக்கு முதலில் தோன்றுவது ஒரு திகைப்பு. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். ஒகரமும் ஓகாரமும் அவ்வாறே. அக்காலத்து ஓலைகளில் எழுதுகின்ற வழக்கமே அதுதான். ஓலையிலே புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பார்கள். தமிழ் தெரிந்தவன் இடம் பார்த்து வாசித்துக்கொள்வான். தெரியாதவன்? அவனுக்காகத்தானே அகராதி!

எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், வழக்கிலே அது கைவிடப்பட்டுக் கிடந்தது. ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் தந்த சீர்திருத்தம் பொதுவாக வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அவருடைய சதுரகராதி 1732ஆம் ஆண்டுக்குரியது. ஒரு சின்னக் கொம்பு மேலே சுழிந்ததால், எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஒலியை அறியும் வாய்ப்பு இரட்டித்தது. தமிழ் அகராதிக் கலையிலே வீரமாமுனிவரின் பங்கு எது என்று கேட்டால், நான் நான்கு பகுதிகளாக வகுத்த தொகுப்பை விட இந்தக் கொம்பையே முதலில் சொல்வேன்.

சொற்களை எழுத்து வரிசையில் அடுக்குவது ஐரோப்பியர் நமக்குக் கற்பித்தது என்று மேடைகளிலே சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். 1594இலேயே சிதம்பரம் ரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்துவிட்டார். முதலெழுத்தை வைத்து அடுக்கிய நூல் அது. இந்த எழுத்து வரிசை என்ற விடயம் பின்னர் கணினியில் எங்களை எப்படி அலைக்கழித்தது என்பதைக் கடைசியிற் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அகராதிப் பணியின் நடுவிடம் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 1842இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதி, மானிப்பாய் அகராதி என்றும் சொல்லப்படுவது, ஏறக்குறைய 58,500 சொற்களைக் கொண்டது. நைற் பாதிரியார் யாழ்ப்பாணத்திலே தொடங்கிய தமிழ் - ஆங்கில அகராதிப் பணி பேர்சிவல் முதலியோர் கைகளுக்கு ஊடாகச் சென்று, 1862இல் வின்ஸ்லோ அகராதியாகச் சென்னையிலே முடிந்தது. அதில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள். வின்ஸ்லோவின் சேகரிப்பையும் உள்வாங்கிக்கொண்டு 1913இல் சாண்ட்லர் பாதிரியார் பொறுப்பிலே தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, 1926 முதல் ச. வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருக்க, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939இல் அனுபந்தம். முதன்மைத் தொகுதிகளில் 104,405 சொற்கள், அனுபந்தத்தில் 13,357, ஆக 117,762.

இவ்வளவு பெரிய களஞ்சியத்தில் ஒவ்வொரு தலைச்சொல்லின் பக்கத்திலும் உரோமன் எழுத்து வடிவம் ஒன்று இருக்கிறது. பலர் அதை உச்சரிப்பு என்று எண்ணி ஏமாறுகிறார்கள். அது உச்சரிப்பு அன்று, எழுத்துப்பெயர்ப்பு. ககரம் எங்கே வந்தாலும் ஒரே குறிதான். பகல் என்பதில் மெலிந்து வரும் ககரமும், பக்கம் என்பதில் அழுந்தி வரும் ககரமும், பங்கு என்பதில் அதிர்ந்து வரும் ககரமும் அங்கே ஒன்றே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தமிழெழுத்தின் அழகே அதுதான்: இடம் தெரிந்தால் ஒலி தெரியும். சொல்லின் முதலிலும் இரட்டித்த இடத்திலும் வல்லோசை, மெல்லினத்தின் பின் அதிரொலி, உயிர்களுக்கிடையே மெலிவு. கால்டுவெல் 1856இல் தமது ஒப்பிலக்கணத்திலே இதை ஒரு விதியாகவே எடுத்துப் பேசினார்.

ஆனால் விதி வீட்டுச் சொற்களுக்குத்தான். விருந்தாளிச் சொற்கள் வந்தவுடன் எழுத்து ஊமையாகிவிடுகிறது. பாவம் செய்தான் என்பதிலும், முகத்திலே பாவம் தெரிந்தது என்பதிலும் எழுத்து ஒன்றே, பகரத்தின் ஒலி வேறு. குடம் என்பதன் ககரமும் குணம் என்பதன் ககரமும் வேறு. நமது இசை நூல்களிலும் தோத்திரப் புத்தகங்களிலும் எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று சிறிய இலக்கம் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடமொழியின் நான்கு ககரங்களையும் ஒரே தமிழ் எழுத்தால் காட்டுவதற்கு யாரோ ஓர் அச்சுக்கோப்பாளரும் வித்துவானும் சேர்ந்து கண்ட வழியாக இருக்க வேண்டும். சமையற்கட்டிலே உப்புச் சாடிக்கு அடையாளம் போடுவது போன்ற எளிய காரியம். அதன் அருமை எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

இனி றகரத்துக்கு வருகிறேன்.

பத்து, பற்று, பட்டு. இம்மூன்று சொற்களையும் எங்கள் ஊரிலே ஒரு மூதாட்டியைச் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு மூன்று இடங்களைத் தொடும். பத்து பல்லிலே, பற்று பல்லின் மேல் ஈற்றிலே, பட்டு அண்ணத்திலே மடிந்து. தமிழகத்திலே படித்தவர் வாசிப்பில் பற்று என்பதன் பின்னே ஒரு ரகர அதிர்வு சேர்ந்துகொள்ளும். பேச்சிலோ, காற்று காத்து ஆகிவிடும். ஈழத்திலே அந்த இடைப்பட்ட ஒலி இன்னும் தடையொலியாக, வல்லினமாகவே நிற்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியலை இந்தச் செவியோடு படித்துப் பார்த்தால் ஒரு விடயம் விளங்கும். றகர னகரங்களுக்கு நுனிநா அண்ணத்தை ஒற்ற வேண்டும் என்கிறார். ரகர ழகரங்களுக்கு வருட வேண்டும் என்கிறார். ஒற்றுவது வேறு, வருடுவது வேறு. ஒற்றினால் காற்று தடைப்படும். வருடினால் வழுக்கி ஓடும். ஒல்லாந்தப் பேராசிரியர் கைப்பர் 1962இல் பழந்தமிழையும் யாழ்ப்பாணத் தமிழையும் இணைத்து எழுதிய குறிப்பிலே, இந்த றகரம்தான் நடுப்பொருள். செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1966இல் இலங்கைத் தமிழின் சில இயல்புகளைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு முன், 1934இல், இலண்டன் பேராசிரியர் பேர்த், ஆர்டனின் தமிழிலக்கண நூலின் புதிய பதிப்புக்காகத் தமிழ் உச்சரிப்பைப் பற்றிச் சுருக்கமான பகுதி ஒன்றை எழுதிச் சேர்த்தார்.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. 1920களின் பிற்பகுதியிலே திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்திய சுவாமி விபுலாநந்தர், சோழமண்டலத் தமிழையும் ஈழமண்டலத் தமிழையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். விஞ்ஞானப் பட்டதாரியான அவர், 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே, நரம்புகளின் ஓசையை எண்களாலும் பின்னங்களாலும் கணக்கிட்டுக் காட்டினார். ஓசையை எண்ணால் எழுதலாம் என்ற எண்ணம் எங்கள் ஊருக்குப் புதிதன்று. 1895இல் மோகனாங்கி என்ற நாவலை வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளையும், அவருடைய சகோதரர் பதிப்பாசிரியர் கனகசுந்தரம்பிள்ளையும் இந்த மண்ணில் பிறந்து சென்னையிலே பணி செய்தவர்கள். அவர்கள் அங்கே பேசியபோது, "நீங்கள் சிலோனா?" என்று யாரேனும் கேட்டிருப்பார்களோ என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. எழுத்திலே தெரியாத ஊர் வாயிலே தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தின் கதை வேறு. அவர்களுடைய எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு மாமியார் மருமகள் உறவு. ஆதலால் உச்சரிப்புக்கென்றே தனி அகராதி அவர்களுக்கு முன்னமே தேவைப்பட்டது. 1791இல் ஜோன் வோக்கர் செய்தார். 1917இல் டானியல் ஜோன்ஸ் செய்த ஆங்கில உச்சரிப்பு அகராதி பல பதிப்புகள் கண்டது. இதே ஜோன்ஸ், பெரேரா என்ற சிங்களவரோடு சேர்ந்து, 1919இல் பேச்சுச் சிங்களத்துக்கு ஒலிக்குறிப்பு வாசிப்பு நூல் ஒன்றையும் வெளியிட்டார். இலங்கை மொழி ஒன்று இலண்டன் ஒலியியற் கூடத்திலே அவ்வளவு முன்னரே காது கொடுத்துக் கேட்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

கணினி வந்தபின், 1993 முதல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் ஓர் உச்சரிப்பு அகராதியை வெளியிட்டு வருகிறது. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் பொறிக்காகத் தொகுத்தது. இன்று அதில் 134,000க்கு மேற்பட்ட பதிவுகள். அதைத் திறந்து பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பைச் சொல்ல வேண்டும். பெரிய மென்பொருள் ஏதோ வேண்டும் என்று எண்ணியிருந்தேன். ஒன்றும் வேண்டாம். சாதாரண நோட்பேட்டிலே திறக்கிற வெறும் எழுத்துக் கோப்பு. வரிக்கு ஒரு சொல். சொல்லை அடுத்துச் சிறிது இடைவெளி. பின் ஒலிகளுக்கான குறிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓர் இடைவெளி. துறைமுகத்தைக் குறிக்கும் ஹார்பர் என்ற சொல்லுக்கு எச்எச், ஏஏ1, ஆர், பி, ஈஆர்0 என ஐந்து குறிகள். உயிரொலியின் பின் வரும் இலக்கம் அழுத்தத்தைக் காட்டும்: 1 என்றால் முதன்மை அழுத்தம், 2 இரண்டாம் நிலை, 0 என்றால் அழுத்தம் இல்லை. முழு ஆங்கிலத்துக்கும் முப்பத்தொன்பது ஒலிகள் போதும் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லை இருவிதமாகச் சொல்வார்களானால், அடுத்த வரியில் அதே சொல்லை எழுதி அடைப்புக்குள் இலக்கம் போடுகிறார்கள். அவ்வளவுதான். அலங்காரம் கிடையாது, தடித்த எழுத்துக் கிடையாது, நிறம் கிடையாது. அதனாலேயே எந்தக் கணினியிலும் திறக்கிறது, எவரும் திருத்த முடிகிறது, எந்தப் பொறியும் வாசிக்க முடிகிறது. நமது கொப்பிப் புத்தகத்துக்கு மிக நெருங்கிய உறவு அது.

நாங்களும் அப்படி ஒன்று தொடங்கினோம். நாங்கள் என்றால் நானும் சில பழைய மாணாக்கரும். கண்பார்வையற்ற அந்த மாணாக்கர்தான் எங்கள் பரிசோதகர்.

கையில் ஏற்கனவே ஒரு சொற்பட்டியல் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் பாமினி எழுத்துருவிலே தட்டச்சு செய்தது. அதை நோட்பேட்டிலே திறந்தவுடன் ஒரே ஆங்கிலக் குப்பை. பாமினி என்பது ஆங்கில எழுத்தின் முகத்திலே தமிழ் முகமூடி மாட்டுகிற முறை. 'தமிழ்' என்று நீங்கள் காண்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். முகமூடியைக் கழற்றினால் அதுதான் மிஞ்சும். அதோடு, கொம்பை முதலிலும் எழுத்தைப் பின்னரும் அடிப்பதால், அடுக்கிப் பார்த்தால் கெண்டை, செம்மறி, தென்னை எல்லாம் கொம்பு என்ற ஒரே வீட்டில் குடியிருக்கும். புறோவென்சாவின் அச்சுக்கோப்பாளருக்கும் இதே கொம்புத் தொல்லை இருந்திருக்கும். அவர் மர எழுத்திலே பட்டார், நாங்கள் மின்னெழுத்திலே பட்டோம்.

எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினோம். 1991இல் யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் அதன் வரிசை இந்திய எழுத்துகள் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கும் பொருட்டு அமைக்கப்பட்டது. ஆகவே னகரம் நகரத்தின் பக்கத்திலும், றகரம் ரகரத்தின் பக்கத்திலும் உட்கார்ந்துகொண்டன. ளகரம் ழகரத்துக்கு முன்னே போய்விட்டது. சாதாரண கருவியிடம் "அடுக்கு" என்று சொன்னால் மனம் முன்னே வரும், மயில் பின்னே வரும். நம் அகராதியிலே மனம் கடைசியில் அல்லவா! ரேவண சித்தர் காலம் தொட்டு வந்த ஒழுங்கு, ஒரு விசையை அழுத்தியதும் குலைந்துபோகிறது. தமிழ் நெறிப்படி அடுக்கக்கூடிய கருவிகள் இன்று உண்டு. அவற்றைத் தேடிப் பிடிக்கும்வரை நாங்கள் கையாலேயே வரிகளை வெட்டி ஒட்டினோம்.

இன்னொரு மாயமும் உண்டு. கொ என்ற எழுத்தின் ஒகர அடையாளத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கருவிக்கு வேறு வேறு. கொண்டல் என்று தேடினால், பட்டியலில் இருக்கிற கொண்டல் இல்லை என்று சொல்லும். ஔ என்பதை ஒகரமும் ளகரமுமாக அடித்தவர்கள் வேறு. துணைக்காலுக்குப் பதில் ரகரத்தை அடித்தவர்களும் இருக்கிறார்கள். பார்வையுள்ள நாங்கள் இவற்றைக் கவனிக்கவே இல்லை. வாசித்துக் காட்டும் கருவியைச் செவிமடுத்தபடி எங்கள் பரிசோதகர்தான், "சேர், இந்த வரி வேறு மாதிரிக் கேட்குது" என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தார்.

ஒலிக்குறிகளுக்குத் தோத்திரப் புத்தகத்தின் இலக்க வழக்கையே எடுத்துக்கொண்டோம். ப1 என்றால் பல் என்பதன் பகரம். ப3 என்றால் பலம் பொருந்தியவன் என்பதன் பகரம். றகரத்துக்கு நாங்களாக இரண்டு இலக்கம் கொடுத்தோம்: ற1 ஒற்றுவது, ற2 உருள்வது. பற்று என்ற சொல்லுக்கு எதிரே ப1, அ, ற1, ற1, உ. பாவம் என்ற சொல் இரண்டு வரிகளில் வந்தது.

என் கையாலேயே ஒரு பிழையும் நடந்தது. எங்கள் பேச்சிலே ஒன்று ஒண்டு ஆகும், மூன்று மூண்டு ஆகும், கன்று கண்டு ஆகும். மரக்கண்டு என்றுதானே சொல்கிறோம். தமிழகத்திலே அவை ஒண்ணு, மூணு, கண்ணு. இந்தப் பேச்சு வடிவத்தை ஒலிப் பகுதியிலே இரண்டாவது வரியாகச் சேர்க்க எண்ணி, ன்ற வருமிடமெல்லாம் ண்ட என்று மாற்றும்படி ஒரே கட்டளை கொடுத்தேன். ஒலிப் பகுதிக்கு மட்டும் என்று எல்லை வகுக்க மறந்துவிட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் தலைச்சொற்களும் மாறிவிட்டன. மன்றம் மண்டம் ஆயிற்று, தென்றல் தெண்டல் ஆயிற்று. எந்த ஊரிலும் தெண்டல் வீசியதில்லை. கன்றும் கண்டும் ஒன்றோடொன்று கலந்து பிரிக்க முடியாமற் போயின. சேமித்துக் கோப்பையும் மூடிவிட்டேன். நல்ல காலம், ஒரு மாணாக்கியின் பென் டிரைவிலே முந்திய வாரப் பிரதி இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் திகதியிட்டுப் பிரதி எடுக்கிறோம். ஏடு பெயர்த்து எழுதியவர்கள் ஏன் இரண்டு மூன்று படிகள் செய்து வைத்தார்கள் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

துறைமுகச் சொற்களுக்கு வந்தபோதுதான் வேலை சுவையானது. இக்கடலோரத்திலே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று ஒவ்வொருவரும் கோட்டை கட்டியோ பிடித்தோ இருந்தார்கள். பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957வரை இங்கே இருந்தது. அவர்கள் விட்டுப் போன சொற்கள் இன்னும் வீடுகளிலே புழங்குகின்றன. போர்த்துக்கேயரின் பாங்கோ எங்கள் வாங்கு ஆகிவிட்டது. பகரத்தை வகரமாக்கி, வாங்கிலே இருந்து சாமான் வாங்கு என்று சொல்லுமளவுக்குத் தமிழாகிவிட்டது. அதே மொழியின் சப்பாத்து, அலவாங்கு, லேஞ்சி. ஒல்லாந்தரின் கந்தோர். இவற்றுக்கு ஒலி எழுதுவது எளிது. நமது விதிக்கு அடங்கிவிட்டன. ஆங்கிலச் சொற்கள்தான் அடங்கவில்லை.

அங்கேதான் ஈழத்து எழுத்து மரபின் விசித்திரம் வெளிப்படுகிறது. ஆங்கிலத்தின் ரீ என்ற எழுத்தின் ஒலியை நாங்கள் ரகரத்தாலும் றகரத்தாலும் எழுதுகிறோம். ரயர், ரோச் லைற், ரிக்கற், பற்றறி. தமிழகத்தார் டயர், டார்ச் லைட், டிக்கெட், பேட்டரி என்பார்கள். ஆங்கிலத்தின் ஆர் ஒலிக்கோ நாங்கள் றகரம் போட்டு றோட்டு என்கிறோம். புலம்பெயர்ந்த நம்மவர் வாழும் கனடாவின் பெருநகரை ரொறன்ரோ என்று எழுதுகிறோம். சென்னைப் பத்திரிகையில் அது டொராண்டோ. நம்முடைய காதிலே ஆங்கிலேயனின் அந்த ஒலி டகரமும் அன்று, தகரமும் அன்று. பற்று என்பதன் றகரத்துக்கு அருகே கேட்கிறது. ஆதலால் அவ்வாறு எழுதினோம். எழுத்து எங்களுடைய காதுக்கு உண்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் பொதுக் கருவி ஒன்று ரொறன்ரோ என்பதை எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது கேட்டுப் பாருங்கள். அங்கே பிள்ளைகளை அனுப்பிவிட்டிருக்கிற பெற்றோர் யாரும் அந்த ஊர் எது என்று கண்டுபிடிக்க மாட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பெயர்கள் தனி அத்தியாயம். உவர்மலையை ஆங்கிலத்திலே ஓர்ஸ் ஹில் என்கிறார்கள். சீனக்குடாவைச் சைனா பே. ஒன்று ஓசையின் உறவு, மற்றது பொருளின் உறவு. கன்னியாவும் கிண்ணியாவும் அயலூர்கள். வெளியூர்க் கருவிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. வெந்நீர்க் கிணற்றுக்குப் போக வேண்டியவர் பாலம் கடந்து போய் நிற்பார்!

இதுவரை சொன்னதெல்லாம் கைவேலையின் தொல்லை. மனத்தொல்லை ஒன்று இருக்கிறது. ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று வரிகள் எழுதலாம். ஆனால் ஏதோ ஒன்று முதலாவது வரியாக இருக்க வேண்டும். கருவி முதலாவது வரியைத்தான் வாசிக்கும். யாருடைய வாய் முதலாவது வரி? வாழைப்பழம் என்ற சொல்லிலே ழகரத்தைச் சொல்பவர்கள் எங்கள் பேச்சிலே மிகக் குறைவு. பெரும்பாலும் ளகரம்தான். மேடையிலே ழகரம், வீட்டிலே ளகரம். மூதூரிலும் கிண்ணியாவிலும் வாழும் முஸ்லிம் மக்களின் தமிழுக்கென்று தனி நயம் இருக்கிறது. மூதூருக்கு அப்பால் கடலோர வேடர் சமூகத்தார் பேசுவதும் தமிழ்தான். போர்க்காலத்திலே கிராமம் கிராமமாக இடம்பெயர்ந்து, முகாம்களிலே கலந்து, திரும்பி வந்தவர்கள் பலர், திரும்பாதவர்களும் பலர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கரையோரக் குடியிருப்புகளைச் சூறையாடியது. ஒரு குக்கிராமத்தின் ஓசை அந்தக் கிராமத்தோடு போய்விடுமானால், பிறகு எந்தக் கல்வெட்டிலே தேடுவது? கோட்டை வாயிற் கல்லிலே எழுத்துகள் சிதைந்து போயின. அந்தச் சிதைவை இட்டு நிரப்ப அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அங்கே ஊகிக்க எழுத்தின் எச்சமாவது இருக்கிறது.

மாணாக்கர்களிடையே இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. செந்தமிழ் வாசிப்பே முதல் வரியாக இருக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. இல்லாவிட்டால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் பிழையாக எழுதுவார்களாம். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தமிழாசிரியன் என்ற முறையிலே நானே வகுப்பில் ழகரத்துக்காகக் குரல் உயர்த்தியவன்தான். இன்னொருவன், வீட்டில் அம்மா பேசுவதைத்தான் கருவி பேச வேண்டும் என்றான். பரிசோதகர் கடைசிவரை பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, "வாசிக்கிறபோது ழகரம் வரட்டும் சேர். காற்றை மட்டும் எங்கட காற்றாக விடுங்கோ" என்றார்.

அதன்படி செய்திருக்கிறோம். ழகரம் வரும் சொற்களில் செந்தமிழ் ஒலி முதல் வரி, ளகரம் இரண்டாம் வரி. ற்ற வரும் சொற்களில் ற1 முதல் வரி. தமிழக வாசிப்பு இரண்டாம் வரி. இலக்கணக்காரர் ஒருவர் இதைப் பார்த்தால், ஒரே கோப்பில் இரண்டு நீதியா என்று கேட்பார். கேட்கட்டும். றகரத்திலே நம் பேச்சுத்தான் பிறப்பியலுக்கு அருகில் நிற்கிறது, ழகரத்திலே நிற்கவில்லை. நீதி ஒன்றுதான், தீர்ப்புகள் இரண்டு.

சென்ற வாரம் கரைவலை இழுக்கும் முதியவர் ஒருவரிடம் காற்றுகளின் பெயரைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தோம். சோளகம் என்பதிலே அவருடைய ககரம் ஏறத்தாழ மறைந்தே போகிறது. அந்த இடத்தில் மெல்லிய மூச்சு மட்டும் கேட்கிறது. அதற்கு எங்களிடம் குறி இல்லை. க5 என்று புதிதாக ஒன்று ஏற்படுத்துவதா, ஹகரத்தாலேயே எழுதிவிடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. கோப்பிலே அந்த வரி இப்போதைக்கு ஒரு கேள்விக்குறியோடு நிற்கிறது. நேயர்களிலே கடற்றொழில் செய்யும் குடும்பத்தவர் யாரேனும் இருந்தால், உங்கள் வீட்டில் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுச் சொல்லுங்கள்.